யாருக்கு என்று கேட்கக் கூடாது

முப்பது வருடத்துக்கும் மேலாக ஒரு மனிதர் என்னை "பி நெகட்டிவ்" என்றே கூப்பிட்டு வந்தார். அப்பா அம்மா எனக்கு வைத்த பெயர் ஒன்று இருக்கிறது, நல்ல பெயர்தான். என் கல்யாணப் பத்திரிகையில் அந்தப் பெயரை அச்சடித்தவரும் அவரேதான். இருந்தும் அவர் வாயில் அது வந்து நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் "ஏய், பி நெகட்டிவ்" என்பார், பாசம் வந்தால் "வாம்மா பி நெகட்டிவ்" என்பார், அவ்வளவுதான் வித்தியாசம்.

அவர் எங்கள் சேவைச் சங்கத்தின் தலைவர். இதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும். எங்கள் மாதிரி சங்கங்களில் ஜூலை பிறந்தால் ஒரு புதுத் தலைவர் வருவார். பட்டயங்கள் கோத்த சங்கிலியைக் கழுத்தில் மாட்டிக்கொள்வார், மேஜை மணியை அடிப்பார், வருடம் முடிந்ததும் சங்கிலியைக் கழற்றி அடுத்தவர் கழுத்தில் போட்டுவிட்டு 'முன்னாள்' ஆகிவிடுவார். நான் சொல்கிற மனிதர் அந்தச் சங்கிலியை ஒரே ஒரு வருடம்தான் போட்டார். அதுவும் கழுத்து அரிக்கிறது என்று பாதிக் கூட்டங்களில் கழற்றி மேஜை மேல் வைத்துவிடுவார். சங்கிலி போட்ட மற்ற எல்லோரையும் நாங்கள் 'பிரசிடெண்ட்' என்று சொல்வோம். 'தலைவர்' என்றால் அவர் ஒருவர்தான். இதில் சில பிரசிடெண்ட்களுக்கு வருத்தம் இருந்தது. இருக்கட்டும், நான் என்ன செய்ய.

சங்கத்தில் எல்லோரையும் அவர் ரத்த வகையைச் சொல்லித்தான் கூப்பிடுவார். "ஏ பாசிட்டிவ், அந்தக் கதவ சாத்துய்யா" என்பார். "பால்கடை ஓ பாசிட்டிவ் இன்னும் வரலியா?" என்பார். ஓ பாசிட்டிவ்கள் ஊரில் அதிகம் என்பதால் அவர்களுக்கு மட்டும் முன்னால் ஒரு அடைமொழி சேரும். புதிதாகச் சேர்ந்தவர்கள் முதலில் சிரிப்பார்கள், ஒரு மாதத்தில் அவர்களும் அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிடுவார்கள்.

நான் சேர்ந்த கதை வேறு. என் கணவர் உறுப்பினர், நான் உறுப்பினரின் மனைவி. அந்தக் காலத்தில் மனைவிமார்களுக்கு என்று விழாக்களில் ஒரு வேலை இருந்தது: பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வாசலில் நின்று பன்னீர் தெளிப்பது. நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். நாள் முழுக்கக் காதில் மாட்டிய கருவியோடு ஊரையே இணைத்துவிட்டு வருகிறவள் கையில் பன்னீர்ச் செம்பைக் கொடுத்தால் எப்படி இருக்கும்? செம்பை மேஜை மேல் வைத்துவிட்டு, "இதுக்காக நான் வரல" என்று சொன்னேன். கணவர் முகம் வெளுத்துவிட்டது. பக்கத்தில் நின்ற தலைவர் மட்டும் சிரித்தார்.

"நீ இன்னா குரூப்பும்மா?"

"பி நெகட்டிவ்."

அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்க்க வேண்டுமே. நகைக்கடையில் கூட யாரும் அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை. "போன்ல பேச வருமா?" என்று கேட்டார். "அதுதாங்க எனக்குச் சம்பளமே" என்றேன். அன்றைக்கு ஆரம்பித்தது. அதற்கப்புறம் சங்கத்துக்கு ரத்தம் கேட்டு யாரைக் கூப்பிட வேண்டுமென்றாலும் நான்தான்.

எங்கள் ஊரில் பெரிய ஆஸ்பத்திரி இருப்பதால் விழுப்புரம், கடலூர், திருவண்ணாமலை என்று எங்கிருந்தெல்லாமோ நோயாளிகளைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். கூட வருகிறவர்களுக்கு இங்கே ஒருவரையும் தெரியாது. "ரத்தம் ஏற்பாடு பண்ணுங்க" என்று கேட்டதும் கையில் சீட்டை வைத்துக்கொண்டு வாசலில் நின்று முழிப்பார்கள். தலைவருக்கு அந்த முழியைத் தாங்க முடியாது. பெரிய மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் அவருக்கு அச்சகம் இருந்தது. மெஷினை நிறுத்திவிட்டு, மை படிந்த கையை மண்ணெண்ணெயில் துடைத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். ஆஸ்பத்திரி வாசலில் ஒரு கறுப்புக் குடையைப் பிடித்துக்கொண்டு நிற்பார். வெயில், மழை என்று கணக்கில்லை, குடை விரிந்தே இருக்கும். முன்பின் பார்க்காத கொடையாளி வந்து தேடினால் அடையாளம் வேண்டுமே. ரத்தம் கொடுத்து முடித்தவரை எதிரே இருக்கும் டீக்கடைக்கு அழைத்துப்போய் காபியும் மெதுவடையும் வாங்கிக் கொடுத்து, வண்டியில் ஏற்றி அனுப்பிய பிறகுதான் குடையை மடக்குவார். இதை அவர் வாழ்நாள் முழுக்கச் செய்தார். யாரும் அவருக்குச் சம்பளம் கொடுக்கவில்லை, மாலை போட வந்தவர்களையும் அவர் விரட்டினார். இப்படி ஒரு மனிதரோடு வேலை செய்யக் கிடைத்தது என் பாக்கியம் என்று வெளிப்படையாகவே சொல்கிறேன்.

நான் பட்ட பாடும் கொஞ்சமில்லை. காலையில் கோழி கூவும்போது ஒரு பெண் குரல் போனில் வந்து "உங்க வீட்டுக்காரர் இருக்காரா?" என்று கேட்டால் எந்த மனைவிக்குப் பிடிக்கும்? ஒரு அம்மாள் என்னை நேரில் பார்க்கவே சங்கத்துக்கு வந்துவிட்டார். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஓ, நீதானா" என்று நிம்மதியாகத் திரும்பிப் போனார். அந்த நிம்மதி எனக்குப் பிடிக்கவில்லை.

சங்கத்துக்கு ஒரு விதி இருந்தது, தலைவர் போட்டது. ஆரம்பத்தில் அது இல்லை. ஒரு தடவை பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒருவர் ரத்தம் கொடுக்க வந்தார். வாசலில் வண்டியை நிறுத்தியவர், "யாருக்கு?" என்று கேட்டார். நோயாளியின் மச்சான் அங்கேயே நின்றிருந்தார், ஊரைச் சொன்னார். "எந்தத் தெரு?" சொன்னார். "யார் வீட்டு ஆளு?" அதையும் சொன்னார். வந்தவர் அப்படியே வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். நான் பின்னாலேயே போய் நடுரோட்டில் நின்று கத்தினேன். தலைவர் கத்தவில்லை. வேறு ஆளைப் பிடித்து, காரியத்தை முடித்துவிட்டு, அடுத்த கூட்டத்தில் மணியை அடித்தார்.

"இன்னிலேர்ந்து குடுக்கறவங்க யாருக்குன்னு கேக்கக் கூடாது. வாங்கறவங்க யாருதுன்னு கேக்கக் கூடாது. நாமளும் சொல்லக் கூடாது. அவ்ளோதான்."

ஒரு வக்கீல் எழுந்து, இதெல்லாம் நடைமுறைக்கு ஒத்துவராது என்றார். தலைவர் சொன்ன பதில் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "நான் பொழைக்கறதே பேரு போட்டுத்தான். பத்திரிகைல பெரியப்பா பேரு ரெண்டாவது வரியில வந்துட்டுதுன்னு, தாலி கட்டறதுக்கு முன்னாடி எழுந்து போனவங்கள எனக்குத் தெரியும். நல்ல காரியத்துக்கே பேரு இந்தப் பாடு படுத்துது. உசுரு விஷயத்துல அது வேணாம்."

விதி நன்றாகவே நடந்தது. ரத்த வங்கியில் இருந்தவர்களும் எங்கள் வழக்கம் தெரிந்து, கொடையாளி முன்னால் நோயாளியின் பெயரைச் சொல்ல மாட்டார்கள். ஒரே ஒரு தடவை எப்படியோ பெயர் கசிந்துவிட்டது. பிழைத்தவரின் குடும்பம் கொடையாளி வீட்டுக்குக் கூடை கூடையாக மாம்பழம் அனுப்பி, பிள்ளைக்குப் பெயர் வைக்கக் கூப்பிட்டு, கடைசியில் பாகப்பிரிவினைப் பஞ்சாயத்துக்கும் அவரையே உட்கார வைத்துவிட்டார்கள். "ஒரு பாட்டில் ரத்தம் குடுத்தேன், ஒரு குடும்பமே தலைமேல ஏறிடுச்சு" என்று அவர் வந்து புலம்பினார். தன் விதி சரிதான் என்று தலைவருக்கு உள்ளுக்குள் பயங்கர சந்தோஷம்.

இனி இந்தக் கதையின் மூன்றாமவர். உப்பளத்தில் ஹார்டுவேர் கடை வைத்திருந்தவர். அவர் ஓ நெகட்டிவ். தலைவரும் ஓ நெகட்டிவ். அந்த வகைக்காரர்கள் யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம், ஆனால் அவர்களுக்கு இன்னொரு ஓ நெகட்டிவ்தான் கொடுக்க முடியும். எங்கள் வட்டத்தில் அப்படிப்பட்டவர்கள் விரல் விட்டு எண்ணும்படிதான் இருந்தார்கள். தலைவர் பெரிய ஓ நெகட்டிவ், கடைக்காரர் சின்ன ஓ நெகட்டிவ். இருவரும் ஒரே ஸ்கூட்டரில் வருவார்கள், ஒரே தட்டு வடையைப் பிய்த்துத் தின்பார்கள். அப்படி ஒரு சிநேகம்.

அது ஒரு கல்லில் உடைந்தது. கடைக்காரரின் அம்மா மில்லில் வேலை செய்தவர். மில் மூடிய பிறகு சேதராப்பட்டில் ஒரு கம்பெனிக்குப் போனார். பஸ்ஸுக்காக நிற்கும் இடத்தில் ஒரு கூரை கூடக் கிடையாது. வெயிலிலும் மழையிலும் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றுதான் இந்த மகனைப் படிக்கவைத்தார், கடை வைக்கும்படி ஆளாக்கினார். அம்மா போன பிறகு மகனுக்கு அந்த இடத்தில் ஒரு நிழற்குடை கட்ட வேண்டும் என்று ஆசை. சங்கத்தின் மூலமாகக் கட்டினார், செலவு முழுக்க அவருடையது. அவர் கேட்டது ஒன்றே ஒன்று, சுவரில் அம்மாவின் பெயர் போட்ட ஒரு கல்.

தலைவர் முடியாது என்றார். ரத்தத்தில் ஆரம்பித்த விதியை அவர் எல்லாவற்றுக்கும் நீட்டியிருந்தார். சங்கம் கட்டிய தண்ணீர்த் தொட்டியிலோ, போட்ட பெஞ்சிலோ எதிலும் யார் பெயரும் கிடையாது.

"என் பேரையா கேட்டேன்? எங்கம்மா பேருதான்யா?" என்றார் கடைக்காரர்.

"இன்னிக்கு உங்கம்மா. நாளைக்கு எம்மெல்லேவோட அம்மா. அப்பால எம்மெல்லே. எங்க நிறுத்தறது?"

"எங்கம்மாவும் எம்மெல்லேவும் உனக்கு ஒண்ணா?"

கடைக்காரர் எழுந்தார். "அந்த ஆளு இருக்கற வரைக்கும் இந்த வாசப்படி மிதிக்க மாட்டேன்" என்று எங்களைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனவர், திரும்பி வரவேயில்லை.

நிழற்குடை கட்டி முடிந்தது. கல்லுக்கென்று கொத்தனார் விட்டுவைத்த சதுரம் மட்டும் காலியாக இருந்தது. அதில் யாரோ மூலம், பௌத்திரம் நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனார்கள். அந்த வழியாகப் போகும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். தலைவரிடம் நேராகவே சண்டை போட்டேன். "ரத்தத்துக்கு விதி சரி. ஒரு தாயி நின்ன எடத்துல அவ பேரு இருந்தா இன்னா கொறஞ்சி போவுது?" என்று கேட்டேன். "ஒரு ஓட்டை விட்டா எல்லாம் உள்ள வந்துடும் பி நெகட்டிவ்" என்றார். இவ்வளவு நல்ல மனிதருக்கு இவ்வளவு பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புரிந்ததேயில்லை. அந்த ஒரு விஷயத்தில் அவர் செய்தது தப்பு. இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன்.

வருடங்கள் ஓடின. ஒரு மாசி மகத்தன்று காலை தலைவரின் மனைவி போன் செய்தார். அச்சகத்தில் நின்றுகொண்டிருந்தபோதே தலைவர் ரத்த வாந்தி எடுத்து விழுந்துவிட்டார், பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போகிறோம் என்றார். நான் போய்ச் சேர்ந்தபோது அவசரப் பிரிவில் கட்டிலில் கிடந்தார். வயிற்றுப் புண் வெடித்து உள்ளே ரத்தம் கொட்டிக்கொண்டிருக்கிறது, சாயங்காலத்துக்குள் ஆபரேஷன் செய்தாக வேண்டும், ரத்த வங்கியில் இருந்த ஓ நெகட்டிவைக் கொடுத்துவிட்டோம், இன்னும் வேண்டும் என்று டாக்டர் சொன்னார். தலைவரின் மகன் மற்ற ரத்த வங்கிகளுக்கு ஓடினான்.

நான் கட்டில் பக்கத்தில் போய் நின்றேன். எத்தனையோ பேருக்கு ரத்தம் ஏற்பாடு செய்த மனிதரின் உதட்டில் ஒரு சொட்டு ரத்தம் இல்லாத மாதிரி வெளுப்பு. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயசைத்தார். குனிந்து கேட்டேன்.

"எம்பேரச் சொல்லாத."

எனக்கு வந்த கோபத்தில் அவரை அங்கேயே நாலு திட்டுத் திட்டியிருப்பேன். உயிர் போகிற நேரத்தில் விதியாம். அவர் பெயரைச் சொன்னால் ஊரே திரண்டு வந்துவிடும் என்று எனக்குத் தெரியும். ஆனால் வருகிற ஊர் ஓ நெகட்டிவாக இருக்க வேண்டுமே! வெளியே வந்து போனை எடுத்தேன். எங்கள் ஓ நெகட்டிவ்களில் ஒருவர் பிரெஞ்சு ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர், எங்கள் ஊர்ப் பேச்சில் சொல்தா. அவர் மகனைப் பார்க்க பிரான்சுக்குப் போயிருந்தார். இன்னொருவர் ஒரு டீச்சர், போன மாதம்தான் கொடுத்திருந்தார், இப்போது எடுக்க மாட்டார்கள். சேதராப்பட்டில் வேலை செய்யும் ஒரு பையன் திருப்பதி மலையில் வரிசையில் நின்றுகொண்டிருந்தான். மீதி ஒரே ஒருவர். சங்கத்தை விட்டுப் போன நாளிலிருந்து நான் கூப்பிடாதவர்.

உண்மையைச் சொன்னால் வருவாரா? ஓடி வருவார் என்று ஒரு மனது சொன்னது. "நல்லா வேணும்" என்று போனை வைத்துவிடுவார் என்று இன்னொரு மனது சொன்னது. சொல்லாமல் கூப்பிட்டால், விட்டுப்போன சங்கத்துக்காக அவர் ஏன் வர வேண்டும்? எப்படிப் பார்த்தாலும் தலைவரின் உயிர் அந்தக் கடைக்காரரின் ஒரு வார்த்தையில் இருந்தது. தலைவர் சொன்னபடியே செய்வது என்று முடிவு பண்ணி நம்பரைப் போட்டேன்.

அந்தப் பக்கம் மேளச் சத்தம், ஒலிபெருக்கி, ஜனங்களின் கூச்சல். மாசி மகத்துக்கு ஊர்த் தெய்வங்களெல்லாம் வைத்திக்குப்பம் கடற்கரைக்கு வந்து இறங்கும். வருகிற ஜனங்களுக்கு அவர் வருடா வருடம் அங்கே பந்தல் போட்டு மோர் ஊற்றுவார்.

"அண்ணே, நான் பி நெகட்டிவ் பேசறேன்."

"எந்த பி நெகட்டிவ்?" தெரிந்தேதான் கேட்டார்.

"நடுரோட்டுல நின்னு கத்தறவ."

"சொல்லும்மா."

"ஓ நெகட்டிவ் வேணும்ணே. அவசரம். உடனே வரணும்."

"அந்த ஆளு உன்ன போன் பண்ணச் சொன்னாரா?"

"இல்லண்ணே. அவரு சொல்லல. நானாத்தான் கேக்கறேன்."

"நான்தான் உங்க சங்கத்த வுட்டே வந்துட்டேனே."

"சங்கத்த வுட்டீங்க. ரத்தத்தயுமா வுட்டீங்க?"

மறுபடி மேளம். லைனில் மறுபக்கம் மௌனமாக இருந்தால் குறுக்கே பேசக் கூடாது என்பது எக்ஸ்சேஞ்சில் நான் கற்ற முதல் பாடம். பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

"கூட்டத்துல வண்டி நவுராது. மெயின் ரோடு வரைக்கும் நடந்துதான் வரணும்" என்றார். "வரேன், வையி."

யாருக்கு என்று அவர் கேட்கவில்லை.

தலைவரின் குடை அச்சகத்திலேயே கிடந்தது. அவர் மனைவியிடம் சொல்லி எடுத்து வரச் செய்து, ஆஸ்பத்திரி வாசலில் அதை விரித்துக்கொண்டு நின்றேன். கடைக்காரருக்கு என்னை நன்றாகத் தெரியும், குடை தேவையே இல்லை. இருந்தாலும் அந்த வாசலில் குடை இல்லாமல் நிற்க எனக்கு மனது வரவில்லை. வருகிற ஒவ்வொரு ஆட்டோவையும் பார்த்தேன். திருவிழாக் கூட்டத்தில் மாட்டிக்கொண்டு அவர் வர நேரமாக நேரமாக, எனக்குத் தெரிந்த சாமிகளையெல்லாம் கூப்பிட்டேன். அன்றைக்கு எல்லாச் சாமியும் கடலில் குளித்துக்கொண்டிருந்தன.

ஒருவழியாக வந்தார். வேட்டியெல்லாம் மோர், சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. இறங்கியதும் குடையைத்தான் பார்த்தார்.

"இது அந்த ஆளு குடையாச்சே?"

"ஆமாம்ணே. எடுத்தாந்தேன்."

"அவரு எங்க? இதுக்கெல்லாம் முன்னாடி வந்து நிப்பாரே."

"படுத்திருக்காரு" என்றேன். அந்த நேரத்தில் பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"மத்தியானத்துல இன்னா தூக்கம்? வயசாயிட்டுது போல" என்று சொல்லிக்கொண்டே என் முன்னால் நடந்தார்.

ரத்த வங்கியில் படுக்கையில் சாய்ந்து, கையில் கொடுத்த பந்தை அழுத்திக்கொண்டே அவர் தலைவரைத் திட்டித் தீர்த்தார். கல்லுக்கு இடம் கொடுக்காத கல்நெஞ்சக்காரன் என்றார். தலைவர் படுத்திருந்த கட்டில் அதே கட்டிடத்தில், மேல் மாடியில் இருந்தது. நான் தலையைத் தலையை ஆட்டினேன். திட்டத் திட்டப் பை நிறைந்தது.

எதிரே டீக்கடையில் காபியும் மெதுவடையும் வாங்கிக் கொடுத்தேன். வடையைப் பாதியாகப் பிய்த்தவர், மறு பாதியை யாருக்கோ நீட்டப் போகிற மாதிரி ஒரு கணம் கையிலேயே வைத்திருந்துவிட்டு, அதையும் தானே தின்றார். "யாருக்குப் போவுதோ தெரியல. எங்கம்மா பேரச் சொல்லித்தான் குடுத்தேன். நல்லா இருக்கட்டும்" என்றார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. "குடுத்தது நானு. உனக்கு ஏம்மா மயக்கம் வருது?" என்று என்னை உட்கார வைத்து இன்னொரு காபி சொன்னார்.

பரிசோதனைகள் முடிந்து அந்த ரத்தம் மேலே போனது. மகன் ஒரு தனியார் ரத்த வங்கியில் கெஞ்சி வாங்கி வந்ததும் சேர்ந்தது. ஆபரேஷன் நடந்தது. தலைவர் பிழைத்துவிட்டார் என்று டாக்டர் வந்து சொன்னபோது, நானும் அவர் மனைவியும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு குழந்தைகள் மாதிரி அழுதோம். ரத்தம் கொடுத்தவருக்குத் தெரிந்துவிடக் கூடாது என்பதால், யாரும் கேட்டால் சென்னையில் மகள் வீட்டுக்குப் போயிருக்கிறார் என்று சொல்ல வேண்டும் என்று பேசி வைத்துக்கொண்டோம். சங்கத்துக்கும் அதையே சொன்னோம்.

கொஞ்சம் தேறி உட்கார ஆரம்பித்த பிறகு ஒருநாள் பார்க்கப் போனேன். கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். டம்ளரை வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"யாருன்னு கேக்கக் கூடாதுன்னு எனக்குத் தெரியும்" என்றார். "ஆனா கேக்கணும் போல இருக்குது பி நெகட்டிவ்."

நான் வாயைத் திறந்தேன். உடனே கையைத் தூக்கித் தடுத்தார்.

"வேணாம், சொல்லிடாத." அப்புறம் மெதுவாகச் சொன்னார், "ஒருத்தர் பேரத் தெரிஞ்சிக்கணும்னு இப்படி ஒரு ஏக்கம் வரும்னு எனக்குத் தெரியவே இல்ல. நாக்குல வெச்சி ஒரு தடவ சொல்லிப் பாத்தா போதும்னு இருக்குது. அவன் இதத்தானே கேட்டான்?"

"யாரு?" என்றேன், தெரியாத மாதிரி.

"உப்பளத்துக்காரன். அவங்கம்மா பேர."

அவர்கள் இருவரும் இப்போது இல்லை. கடைக்காரர் முதலில் போனார், தலைவர் போன வருடம். அதனால்தான் இதை எழுதுகிறேன். யார் பெயரையும் சொல்லவில்லை என்பதால் விதியும் தப்பித்தது என்று நினைக்கிறேன்.

அப்போது ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பி நடமாட ஆரம்பித்ததும் தலைவர் செய்த முதல் காரியம், அச்சகத்துக்குப் போய் கடைக்காரரின் அம்மா பெயரை அச்செழுத்தில் கோத்து ஒரு தாளில் ப்ரூஃப் எடுத்ததுதான். கல்வெட்டுக்காரரிடம் கொடுக்கும் முன்னால் வீட்டாரிடம் காட்ட வேண்டும், கல்யாணப் பத்திரிகைக்கு அதுதானே வழக்கம் என்றார். "யாரையாவது அனுப்பலாமே" என்றேன். "தப்புப் பண்ணது நானு. நான்தான் போவணும்" என்று குடையை எடுத்துக்கொண்டார். துணைக்கு நானும் போனேன்.

கடைக்காரர் ஆணி நிறுத்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்தும் தராசை விட்டுக் கை எடுக்கவில்லை. தலைவர் தாளை மேஜை மேல் வைத்தார். அவர் அதைப் படித்தார். ஒரே ஒரு பெயர், கீழே ஒரு வரி, அவ்வளவுதான். ஆனாலும் வெகுநேரம் படித்தார்.

"இப்பத்தான் புத்தி வந்துச்சா?"

"இப்பத்தான் வந்துச்சி."

அப்போதுதான் கடைக்காரர் நிமிர்ந்து தலைவரைச் சரியாகப் பார்த்தார். "இன்னாய்யா இப்படி எளச்சிட்ட? கழுத்தெலும்பு தெரியுது."

"வயித்துல புண்ணு. ஆபரேஷன் பண்ணிட்டாங்க. கொஞ்ச நாளு ஆச்சி."

"ரத்தம் ஏத்தினாங்களா?"

"ஏத்தினாங்க."

கடைக்காரர் தராசைத் தட்டோடு மேஜையில் வைத்தார். ஆணிகள் சிதறின. "அப்ப எனக்கு ஏன்யா போன் பண்ணல? நான் செத்தா பூட்டேன்? சண்டன்னா ரத்தத்துக்குமா சண்ட? மாசி மகத்தன்னிக்கு மோரு ஊத்தறத வுட்டுட்டு ஓடிப் போயி யாருக்கோ குடுத்துட்டு வந்தேன், வேணும்னா இவளக் கேளு. எவன்னே தெரியாதவனுக்குக் குடுத்தவன், உனக்குக் குடுக்க மாட்டனா?" என் பக்கம் திரும்பி, "நீ கூட சொல்லல, பாத்தியா" என்றார்.

தலைவர் என்னைப் பார்த்தார். நான் சிதறிக் கிடந்த ஆணிகளைப் பார்த்தேன். எதுவும் சொல்லவில்லை, சத்தியமாக முகத்தைக் கூட அசைக்கவில்லை. ஆனாலும் அவருக்குத் தெரிந்துவிட்டது. ஊசி ஏறிய இடத்தை, வலது முழங்கை மடிப்பை, இடது கையால் மெதுவாகப் பொத்திக்கொண்டார். அவர் கண் கலங்கி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். வாய் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவர் சொல்லவில்லை. தான் போட்ட விதியைத் தானே காப்பாற்றினார்.

மேஜை மேல் இருந்த தாளை எடுத்து, எட்டப் பிடித்துப் பார்த்தார். சட்டைப் பையில் மடித்து வைத்தார்.

"எழுத்து சின்னதா இருக்குது. இன்னும் பெருசா போட்டு எடுத்தாறேன்."

"இதுவே போதும்யா" என்றார் கடைக்காரர்.

"போதாது" என்றார் தலைவர்.

இன்றைக்கும் சேதராப்பட்டு பஸ்ஸில் போகிறவர்கள், இறங்காமல் ஜன்னலோரத்தில் உட்கார்ந்தபடியே அந்தப் பெயரைப் படிக்கலாம்.